நெட் நின்றால் யாரைக் கேட்பது? எல்லையோரத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2018 மே 23, காலையில் பத்தாம் வகுப்பு ரிசல்ட். களியக்காவிளையில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடையில் மதியம் வரை மார்க் பார்க்கக் கூட்டம். முந்தின நாள்தான் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டுக்கு எதிராகத் திரண்டவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியிருந்தது. மொத்தம் 13 பேர் செத்துப்போனார்கள். 24-ஆம் தேதி காலை கடையைத் திறந்தால் நெட் இல்லை. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் ஐந்து நாள் இணையத்தை நிறுத்தச் சொல்லி மாநில உள்துறை உத்தரவு போட்டிருப்பதாக டிவியில் சொன்னார்கள்.

அந்த வருஷம்தான் பொறியியல் கலந்தாய்வு முதல்முறையாக முழுக்க ஆன்லைனுக்கு மாறியிருந்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் சான்றிதழ்க் கவரோடு வந்து, "அக்கா, எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் எல்லை தாண்டி, கேரளத்து இஞ்சிவிளை பக்கம் போனேன். ஐந்து நிமிஷப் பயணம். கேரள டவர் கிடைத்தது, நெட் ஜோராக ஓடியது. ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அன்று சாயங்காலம் வரை விண்ணப்பம் போட்டோம்.

எல்லையில் இருந்ததால் தப்பித்தோம். ஸ்கூட்டர் ஐந்து நிமிஷத்தில் எல்லையைத் தாண்டாத ஊர்க்காரர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. "எந்த உத்தரவு, யார் போட்டது, நகல் எங்கே?" என்றும் கேட்கவில்லை. கடைக்கு வந்த ஒருவரும் கேட்கவில்லை. மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய் வேறு யாரோ கேட்டார்கள். நமக்கும் திருநெல்வேலிக்கும் தூத்துக்குடியைவிடச் சீக்கிரமே நெட் திரும்பியது.

அதற்குப் பிறகு படித்ததும், அலைந்ததும், தப்பாகச் செய்து திருத்திக்கொண்டதும்தான் இந்த வழிகாட்டி. களியக்காவிளை, செங்கோட்டை, கம்பம், கொழிஞ்சாம்பாறை, மறையூர் என்று கேரள எல்லையில் இருப்பவர்களுக்கும், திருத்தணி, நகரி, புத்தூர் என்று ஆந்திர எல்லையில் இருப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நமக்கு எல்லாவற்றிலும் ஒரு கேள்வி கூடுதல்: இது எந்தப் பக்கத்து விஷயம்?

படி 1: எது நின்றது என்று முதலில் பாருங்கள்

நெட் போனதும் "கவர்ன்மென்ட் கட் பண்ணிட்டான்" என்று குரூப்பில் போடுவது எளிது. நானே ஒருமுறை போட்டு அசிங்கப்பட்டிருக்கிறேன். ரோடு வேலைக்குத் தோண்டிய ஜேசிபி ஃபைபர் கேபிளை அறுத்திருந்தது, அவ்வளவுதான். உங்கள் பேச்சை நாலு பேர் நம்பவேண்டும் என்றால் இந்தப் படியைத் தாண்டக் கூடாது.

போனில் சிக்னல் கோடே இல்லை, கால் போகவில்லை என்றால் பெரும்பாலும் டவர் பழுது. கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்திருக்கும். சிக்னல் முழுதாக இருக்கிறது, கால் போகிறது, எஸ்.எம்.எஸ். போகிறது, எல்லாக் கம்பெனி சிம்மிலும் டேட்டா மட்டும் வரவில்லை என்றால் அது உத்தரவின் பேரில் நடந்த நிறுத்தமாக இருக்க நல்ல வாய்ப்பு. நெட் எல்லாம் ஓடுகிறது, ஒரே ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் அது தளத் தடையாக இருக்கலாம். சில சமயம் அரசு உத்தரவுப்படி முடக்கப்பட்டது என்று திரையிலேயே வரும், பல சமயம் சும்மா சுற்றிக்கொண்டே நிற்கும். தளம் திறக்கிறது, ஒருவருடைய பதிவோ கணக்கோ மட்டும் "இந்தியாவில் கிடைக்காது" என்று வந்தால் அது வேறு வகை. இந்த நாலுக்கும் நாலு கதவு. தப்பான கதவைத் தட்டினால் மாதக்கணக்கில் நேரம் வீணாகும். நான் அதிகம் பேசப்போவது இரண்டாவதைப் பற்றி, அதாவது உத்தரவின் பேரில் நடக்கும் நிறுத்தம்.

எல்லையில் ஒரு குழப்பம் உண்டு. போன் எந்தப் பக்கத்து டவரைப் பிடித்திருக்கிறது என்பது நாம் நிற்கும் மண்ணைப் பொறுத்ததல்ல. தமிழ்நாட்டில் நிற்கும்போது கேரள டவர் பிடிக்கும், அடுத்த தெருவில் மாறிவிடும். ஆகவே போன் செட்டிங்கில் நெட்வொர்க் பெயரையும் ரோமிங் குறியையும் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதியும் நேரமும் அதில் தெரியவேண்டும். இரண்டு கம்பெனி சிம்மிலும் ஒரு வீட்டு பிராட்பேண்டிலும் சோதியுங்கள். தளத் தடையைச் சோதிக்க ஊனி ப்ரோப் என்று ஒரு இலவச ஆப் இருக்கிறது. எந்தத் தளம் எந்த நெட்வொர்க்கில் திறக்கவில்லை என்று அதுவே அளந்து பொதுவெளியில் பதிந்துவிடும். பொதுவெளி என்பதைக் கவனியுங்கள். பதட்டமான ஊரில் இருப்பவர்கள் யோசித்து ஓட்டவும்.

என் கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. தேதி, நேரம், எந்த சிம், எந்த இடம், என்ன வேலை நின்றது. ஐந்தே கட்டம். பார்க்கச் சாதாரணம். பின்னால் வரும் எல்லாப் படிக்கும் அதுதான் அஸ்திவாரம்.

பழுதுதான் என்று தெரிந்தால் கம்பெனியில் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு எழுதலாம். ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால் வாடகைக் கழிவோ வேலிடிட்டி நீட்டிப்போ தரவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-இல் விதி கொண்டுவந்தது. இயற்கைப் பேரிடர் அதில் சேராது. சரி, இது நுகர்வோர் விஷயம். உரிமை விஷயத்துக்கு வருவோம்.

படி 2: யாருக்கு அதிகாரம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

முன்பெல்லாம் 144 தடை உத்தரவைக் காட்டி நெட்டை நிறுத்தினார்கள். 2017 ஆகஸ்டில் இதற்கென்று தனி விதிகள் வந்தன. 2020-இல் செய்த திருத்தம் ஒரு உத்தரவு 15 நாளுக்கு மேல் போகக் கூடாது என்றது. 2023-இல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 2024 நவம்பரில் வந்த விதிகள்தான் இப்போது நடப்பில் இருக்கின்றன.

அவற்றின் சாரம் இது. மாநிலத்தில் இணையத்தை நிறுத்த உத்தரவு போடும் அதிகாரம் உள்துறைச் செயலாளருக்கு. மத்திய அரசில் மத்திய உள்துறைச் செயலாளருக்கு. தவிர்க்க முடியாத நேரத்தில் அவர்கள் அதிகாரம் கொடுத்த, இணைச் செயலாளர் அந்தஸ்துக்குக் குறையாத ஓர் அதிகாரி போடலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் உள்துறைச் செயலாளர் அதை உறுதி செய்யவேண்டும், இல்லையென்றால் அந்த உத்தரவு செத்துவிடும். உத்தரவில் காரணம் இருக்கவேண்டும், எந்தப் பகுதி, எவ்வளவு காலம் என்று இருக்கவேண்டும், அதை வெளியிடவும் வேண்டும். மாநிலத் தலைமைச் செயலாளர் தலைமையிலான மறுஆய்வுக் குழு ஐந்து நாளுக்குள் கூடிப் பார்க்கவேண்டும்.

இந்தப் பட்டியலில் தாசில்தார் இல்லை, இன்ஸ்பெக்டர் இல்லை. கலெக்டரின் வாய்மொழியும் இல்லை. 2022-இல் மேற்கு வங்கத்தில் பள்ளித் தேர்வு நேரத்தில் சில பகுதிகளில் நெட்டை நிறுத்தியதை கல்கத்தா உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது நினைவில் இருக்கட்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு தீர்ப்பு இருக்கிறது: 2020 ஜனவரி 10, அனுராதா பாசின் வழக்கு, உச்ச நீதிமன்றம். காஷ்மீரில் நெட் முடங்கியதை எதிர்த்துப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் போட்ட வழக்கு. இணையம் வழியாகப் பேசவும் தொழில் செய்யவும் உள்ள சுதந்திரத்துக்கு அரசியல் சாசனப் பாதுகாப்பு உண்டு, காலவரையின்றி நிறுத்தக் கூடாது, தேவைக்கு மிஞ்சி நிறுத்தக் கூடாது, உத்தரவைப் பிரசுரிக்கவேண்டும் என்று அதில் சொன்னார்கள். எந்த மனு எழுதினாலும் இந்த வழக்கின் பெயர் ஒரு வரியாவது அதில் இருக்கட்டும்.

தீர்ப்பு வந்தால் மட்டும் எல்லாம் நடந்துவிடுமா? 2021 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று, நாட்டில் எத்தனை முறை நெட் நிறுத்தப்பட்டது என்ற கணக்கையே மத்திய அரசு வைத்திருக்கவில்லை என்று குறை சொன்னது. அரசு கணக்கு வைக்காத இடத்தில் நம்முடைய நாற்பது பக்க நோட்டுக்கு என்ன மதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: உத்தரவின் நகலைக் கேளுங்கள்

மற்ற எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

முதலில் மாநில உள்துறையின் தளத்திலும் மாவட்ட நிர்வாகத் தளத்திலும் உத்தரவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அதாவது ஆர்.டி.ஐ. எந்த மாநிலத்தின் டவர் நின்றதோ அந்த மாநிலத் தலைமைச் செயலகத்தின் உள்துறைப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதவேண்டும்: சென்னை, திருவனந்தபுரம், அல்லது அமராவதி. இடம் மாறிப் போனாலும் ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பவேண்டும் என்று சட்டத்தின் 6(3) பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த மாற்றல் ஒரே அரசுக்குள் ஒழுங்காக நடக்கும் அளவுக்கு எல்லை தாண்டி நடக்கும் என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள்.

கட்டணம் பத்து ரூபாய். இங்கேதான் நான் சறுக்கினேன். கேரள அலுவலகம் ஒன்றுக்கு எழுதிய மனுவில், மேசையில் இருந்த தமிழ்நாட்டுக் கோர்ட் ஃபீ ஸ்டாம்பை ஒட்டி அனுப்பிவிட்டேன். திரும்பி வந்தது. கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பாறசாலைக்குப் போய் கேரள ஸ்டாம்ப் வாங்கி ஒட்டியதும் ஏற்றுக்கொண்டார்கள். மத்திய அரசு அலுவலகத்துக்கு ஸ்டாம்பே செல்லாது. போஸ்டல் ஆர்டர் வைக்கலாம் அல்லது ஆன்லைனில் கட்டலாம். ஆந்திராவில் கிராம அளவிலான அலுவலகத்துக்குக் கட்டணம் இல்லை, மண்டல அளவில் ஐந்து ரூபாய், அதற்கு மேல் பத்து. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் எங்கேயும் கட்டவேண்டாம், சான்று மட்டும் வைத்தால் போதும்.

மொழி விஷயம். ஆர்.டி.ஐ. மனு ஆங்கிலத்தில், இந்தியில் அல்லது அந்தப் பகுதியின் ஆட்சிமொழியில் இருக்கலாம். தமிழ்நாட்டுக்குத் தமிழில் எழுதலாம். கேரளத்துக்கும் ஆந்திராவுக்கும் ஆங்கிலத்தில் அனுப்பிவிடுவதே நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் ஆர்.டி.ஐ. அல்லாத சாதாரணக் குறை மனு என்றால் நிலைமை வேறு. அரசியல் சாசனத்தின் 350-ஆவது பிரிவு, ஒரு மாநிலத்திலோ மத்திய அரசிலோ புழங்கும் எந்த மொழியிலும் குறை மனு கொடுக்கலாம் என்கிறது. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைவர்களோடும் தமிழிலேயே கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள இடம் தருகிறது. தேவிகுளம், பீர்மேடு, பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாக்களில் இருக்கும் நம்மவர்கள் இதைப் பயன்படுத்தவேண்டும். பயன்படுத்தாத உரிமை கவுண்டரில் இருப்பவருக்கே மறந்துபோகும்.

கேள்வி எழுதும் விதம்தான் முக்கியம். "ஏன் நெட்டை நிறுத்தினீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் சட்டம் தருவது ஆவணத்தை, விளக்கத்தை அல்ல. நான் இப்போது கடையில் எல்லோருக்கும் டைப் செய்து கொடுப்பது இது:

"… மாவட்டம் … பகுதியில் … தேதி முதல் … தேதி வரை இணையச் சேவை நிறுத்தப்பட்டது தொடர்பாக: (1) பிறப்பிக்கப்பட்ட உத்தரவுகள் அனைத்தின் நகல், (2) மறுஆய்வுக் குழு கூடிய தேதி, குழுவின் முடிவின் நகல், (3) உத்தரவு வெளியிடப்பட்ட தேதியும் இணையதள முகவரியும், (4) மேற்கண்டவாறு உத்தரவு எதுவும் இல்லையெனில் 'இல்லை' என்ற எழுத்துப்பூர்வமான பதில்."

நாலாவது கேள்வியைச் சேர்க்காமல் விடாதீர்கள். உத்தரவு "இல்லை" என்று எழுதி வந்தால் அதைவிட வலுவான சாட்சி வேறு கிடைக்காது.

பதில் 30 நாளுக்குள் வரவேண்டும். வராவிட்டாலோ, பாதுகாப்பு என்று சொல்லி 8(1)(அ) பிரிவைக் காட்டி மறுத்தாலோ, 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். வெளியிடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன ஆவணத்தை எப்படி ரகசியம் என்கிறீர்கள் என்று ஒரே ஒரு பத்தி போதும். அதற்கும் சரியான முடிவு வரவில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். ஆணையத்தில் காத்திருப்பு நீளம்தான், சும்மா சொல்லக் கூடாது. ஆனாலும் போட்டுவையுங்கள்.

படி 4: நஷ்டத்தை எழுதி வையுங்கள்

களியக்காவிளை மீன் சந்தையில் இன்று பாதிப் பணம் போனில்தான் கைமாறுகிறது. "ஸ்கேன் பண்ணுனா சுத்திக்கிட்டே நிக்குது மக்ளே, நான் கடனுக்கா மீன் குடுப்பேன்?" என்று ஒரு அம்மா கேட்டார். இதைப் போன்ற வார்த்தைகள்தான் மனுவுக்கு உயிர். ஆனால் வார்த்தை மட்டும் போதாது. என்ன தேதி, வழக்கமாக எவ்வளவு விற்கும், அன்று எவ்வளவு விற்றது, வங்கி அறிக்கையில் அது தெரிகிறதா என்று கேட்டு, ஒரு பக்கத்தில் எழுதி, அவரிடமே படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். ஆட்டோ ஓட்டுபவர், ஆன்லைனில் மருத்துவ நேரம் குறித்திருந்தவர், நாகர்கோவில் கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண், ரப்பர் ஷீட் விலை பார்த்து விற்பவர் என்று பத்துப் பேர் கிடைத்தால் போதும்.

ஆதார் எண்ணைக் கேட்காதீர்கள், நகலும் வாங்காதீர்கள். உரிமை காக்கிறோம் என்று ஊரார் விவரத்தைக் குவித்துவைத்துவிட்டு அதைத் தொலைத்தால் அதைவிடக் கேவலம் இல்லை.

படி 5: ஊருக்குள் கொண்டுபோங்கள்

தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சியில் வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. "இணையத்தை நிறுத்தும் எந்த உத்தரவையும் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டவேண்டும்" என்று ஒரு தீர்மானம் கொண்டுவரலாம். களியக்காவிளை மாதிரிப் பேரூராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது. வார்டு அளவில் பகுதி சபைதான். கேரளத்தில் கிராம சபை வார்டு வாரியாகக் கூடும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடவேண்டும், அழைப்பது வார்டு உறுப்பினர். நம்முடையதைவிடச் சின்ன கூட்டம் என்பதால் பேச வாய்ப்பு அதிகம்.

கலெக்டர் அலுவலகத் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் மனுவின் நகலில் முத்திரையும் எண்ணும் வாங்காமல் வெளியே வராதீர்கள். எம்.எல்.ஏ., எம்.பி.யிடம் போகும்போது "நடவடிக்கை எடுங்கள்" என்று பொதுவாகக் கேட்காமல், அவையில் கேட்கவேண்டிய கேள்வியையே எழுதிக் கொடுங்கள். நாடாளுமன்றத்தில் வரும் எழுத்துப்பூர்வப் பதில், பின்னால் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யக்கூடிய ஆவணம்.

படி 6: சட்டம் வரைவாக இருக்கும்போதே பேசுங்கள்

உத்தரவு வந்தபின் ஓடுவது ஒரு பாதி. விதி எழுதப்படும்போதே உள்ளே நுழைவது இன்னொரு பாதி. இதை டெல்லி, பெங்களூர்க்காரர்கள் வேலை என்று நாம் விட்டுவிட்டோம்.

2015 மார்ச் 27-இல் டிராய் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. 118 பக்கம், 20 கேள்வி. வாட்ஸ்அப் போன்ற சேவைகளைக் கட்டுப்படுத்தவேண்டுமா, சில தளங்களுக்கு மட்டும் தனி விலை வைக்கலாமா என்பது விஷயம். தன்னார்வலர்கள் சிலர் அந்த 20 கேள்விக்கும் எளிய மொழியில் பதில் தயாரித்துக் கொடுக்க, பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல் போனது. அதே வருஷக் கடைசியில் ஃபேஸ்புக், சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் தன் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்கு ஆதரவாகத் தன் பயனாளர்களை அனுப்பவைத்த மின்னஞ்சல்களும் லட்சக்கணக்கில் போயின. ஆனால் அவை டிராய் கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. டிராயே அதைச் சுட்டிக்காட்டியது. 2016 பிப்ரவரி 8-இல் தளத்துக்குத் தளம் டேட்டா விலையை மாற்றுவதற்குத் தடை வந்தது. எண்ணிக்கை கதவைத் திறக்கும். உள்ளே உட்கார இடம் கிடைப்பது, கேட்ட கேள்விக்குப் பதில் வைத்திருப்பவனுக்குத்தான்.

அந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. பத்து லட்சம் பேரின் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் டிராய் அப்படியே தன் தளத்தில் ஏற்றிவிட்டது. கருத்து அனுப்பத் தனியாக ஒரு மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டு உதாரணம் இன்னும் நன்றாக இருக்கும். 2020 நவம்பரில் கேரள அரசு, போலீஸ் சட்டத்தில் 118-ஏ என்று ஒரு பிரிவை அவசரச் சட்டமாகச் சேர்த்தது. அடுத்தவரை மிரட்டும், இழிவுபடுத்தும் பதிவுக்கு மூன்று வருஷம் வரை ஜெயில் அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். பெண்கள் மீதான இணைய வசவைத் தடுக்கத்தான் என்றார்கள், நோக்கம் நியாயம்தான். ஆனால் எழுதியிருந்த வாசகத்தில் எந்தப் பதிவையும் அடைக்கலாம். எதிர்க்கட்சி, பத்திரிகையாளர்கள், ஆளும் அணிக்குள் இருந்தவர்களே கூடக் குரல் கொடுத்தார்கள். கவர்னர் கையெழுத்துப் போட்ட சில நாட்களிலேயே அரசு பின்வாங்கியது. இஞ்சிவிளையிலிருந்து முப்பது, நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் தலைமைச் செயலகத்தில் நடந்த விஷயம் இது. களியக்காவிளையில் பேச்சே இல்லை.

கருத்து எழுதும்போது நான் பிடித்துக்கொள்ளும் வழி: எந்த விதி, அதன் எந்த வார்த்தை, அந்த வார்த்தையால் எங்கள் ஊரில் யாருக்கு என்ன ஆகும், அதற்குப் பதில் என்ன வார்த்தை வேண்டும். நாலு வரி. வரைவு ஆங்கிலத்தில் வந்தால் அதைத் தமிழில் ஒரு பக்கமாகச் சுருக்கி அச்சடித்துக் கடையில் ஒட்டுகிறேன். கல்லூரிப் பிள்ளைகள் படித்துவிட்டுச் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையிலிருந்துதான் நல்ல உதாரணங்கள் வருகின்றன.

படி 7: பதிவுக்குப் போலீஸ் கூப்பிட்டால்

இணையத்தில் மனம் புண்படும்படி எழுதினால் தண்டிக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-இல் ரத்து செய்தது. அதே தீர்ப்பில் கேரளப் போலீஸ் சட்டத்தின் 118(டி)யும் போனது. ஆனால் செத்த பிரிவிலும் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 2022-இல் நீதிமன்றம் மறுபடி சொல்லவேண்டி வந்தது. எஃப்.ஐ.ஆர். நகல் கிடைத்ததும் பிரிவு எண்ணைத்தான் முதலில் பாருங்கள்.

போனில் கூப்பிட்டு "பதிவை அழி, ஸ்டேஷனுக்கு வா" என்றால், எழுத்தில் நோட்டீஸ் தரச் சொல்லிக் கேளுங்கள். மரியாதையாகவே கேளுங்கள், "சார்" போட்டே கேளுங்கள். ஆனால் கேளுங்கள். தனியாகப் போகவேண்டாம். வக்கீலுக்கு வழியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணில் பேசலாம். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு.

குரூப் அட்மின்கள் எப்போதும் பயந்தே இருக்கிறார்கள். ஓர் உறுப்பினர் போட்டதற்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக அவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று 2021 டிசம்பரில் மதுரைக் கிளையும், 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே பதில் கிடைப்பது அபூர்வம், இதில் கிடைத்திருக்கிறது.

அதற்காக நம் பக்கம் எல்லாம் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். நெட்டை நிறுத்துபவர்கள் காட்டும் முதல் காரணம் வதந்தி, அந்த வதந்தியை அனுப்புவது நாம்தான். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. போலீஸ் மறுப்பு வீடியோ போட்டது, பரப்பியவர்கள் மீது வழக்குப் போட்டது, தொழிலாளர்களை நேரில் பார்த்துப் பேசியது. நெட்டை அணைக்காமலேயே அடங்கியது. "வேறு வழியே இல்லை" என்று அடுத்த முறை யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள்.

படி 8: நீதிமன்றம்

கடைசிப் படி, ஆனால் நெட் நின்றிருக்கும்போது சில சமயம் இதுதான் முதல் படி. கன்னியாகுமரி, தென்காசி, தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு மதுரைக் கிளை. கோவை, திருவள்ளூர் பக்கத்தவர்களுக்குச் சென்னை. கேரளப் பக்கத்துக்கு எர்ணாகுளம். ஆந்திரச் சித்தூர், நகரிக்கு அமராவதி. பாதிப்பின் ஒரு பகுதியாவது அந்த நீதிமன்ற எல்லைக்குள் நடந்திருந்தால் அரசியல் சாசனத்தின் 226-ஆவது பிரிவின்படி அங்கே ரிட் மனு போடலாம். அங்குமிங்கும் வாழும் எங்களுக்கு அது வசதி.

தனி ஆளால் வழக்கு ஜெயிக்கலாம் என்பதற்கும் கேரளத்திலேயே சாட்சி இருக்கிறது. கோழிக்கோடு மாவட்டம் சேளன்னூர் கல்லூரியில் படித்த ஃபஹீமா ஷிரீன், மாலை 6 முதல் இரவு 10 வரை விடுதியில் போன் கூடாது என்ற விதியை ஏற்கவில்லை. விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில், இணைய வசதி கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று சொல்லி அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. விடுதி போன் கட்டுப்பாட்டில் ஆரம்பித்த வழக்கு அது.

வக்கீலிடம் போகும்போது கையில் மூன்று இருந்தால் போதும்: நோட்டின் பக்கங்கள், ஆர்.டி.ஐ. மனுவின் நகல் (பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, அனுப்பிய ரசீது இருக்கட்டும்), பத்துப் பேரின் நஷ்டக் கணக்கு. இவை இல்லாமல் போனால் வக்கீல் உங்களை முதல் படிக்கே திருப்பி அனுப்புவார்.

என் கடை மேசையின் இழுப்பறையில் இப்போது இரண்டு கவர்கள் இருக்கின்றன. ஒன்றில் தமிழ்நாட்டுக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒன்றில் கேரள ஸ்டாம்ப். மேலே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன், மாறிப்போகாமல் இருக்க.